படம் போட்டால் சோறு வருமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டைப் பக்கத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,



முப்பது வருடத்துக்கு மேல் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்களில் சிலர் என்னிடம் படித்திருப்பீர்கள். மாம்பழம் வரையச் சொன்னால் அதற்கு இரண்டு இலை சேர்த்து வரைந்து, கீழே பெயரையும் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். இன்று உங்கள் பிள்ளைகள் அதே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பள்ளியின் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். பிள்ளைகள் கணக்கில் பின்தங்கியிருக்கிறார்கள், அதனால் வாரத்தில் மிச்சமிருக்கும் ஓவிய வகுப்பையும் கணக்குக்கே கொடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தது. யாரும் மறுக்கவில்லை. நான் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். ஷிப்ட் முடிந்து ஷூ கம்பெனியிலிருந்து நேராக வந்து, அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார்:

"படம் போட்டா சோறு வருமா சார்?"

கேலியாகக் கேட்கவில்லை. பகலெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்து, டார்கெட் முடித்து, பெண்ணைப் படிக்க வைக்கிறவருக்கு அதைக் கேட்க முழு உரிமை உண்டு. எனக்குத்தான் பதில் வரவில்லை. 'கலை மனதை மென்மையாக்கும்' என்று ஏதோ முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தப் பதில் அவருடைய கேள்விக்கு ஈடாகாது என்று பஸ்ஸில் வரும்போதே தெரிந்துவிட்டது. அன்று சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதுகிறேன். அவருக்கு மட்டும் அல்ல, அவரைப் போலக் குழுவில் இருக்கும் உங்கள் எல்லோருக்கும்.

முதலில் சோற்றுக் கணக்கையே பார்த்துவிடுவோம்.

மனிதன் விதைத்து அறுக்கத் தொடங்கிச் சுமார் 10,000, 12,000 வருடம்தான் ஆகிறது. தென்னாப்பிரிக்காவில் ப்ளோம்போஸ் என்று ஒரு குகை இருக்கிறது. அங்கே ஒரு சின்னக் கல்துண்டில், காவிக்கட்டியால் குறுக்கும் நெடுக்குமாக யாரோ இழுத்த கோடுகள் கிடைத்தன. அதன் வயது 73,000 வருடம். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் ஒரு குகைச் சுவரில் காட்டுப்பன்றியும் அதைச் சுற்றி மனித உருவங்களும் வரைந்திருக்கிறார்கள். குறைந்தது 51,200 வருடப் பழமை என்று 2024-இல் கணித்தார்கள். ஜெர்மனியின் குகைகளில் கிடைத்த எலும்புப் புல்லாங்குழல்களுக்கு 40,000 வருடத்தை ஒட்டிய வயது.

அதாவது, மனிதன் முதல் நாற்று நடுவதற்குப் பல்லாயிரம் வருடம் முன்பே படம் போட்டிருக்கிறான், குழல் ஊதியிருக்கிறான். வயிறு நிறைந்த பிறகு பொழுதுபோகாமல் செய்தது கலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலக்கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அடுத்த வேளைக்கு உறுதியில்லாத காலத்தில், குகைக்குள் விளக்கைப் பிடித்துக்கொண்டு போய் வரைந்திருக்கிறார்கள்.

படம் போட்டதால்தான் நெல் விளைந்தது என்று நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரிக்கவும் வேண்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பன்றி எதிரில் இல்லாதபோது பன்றியை வரைய வேண்டுமானால் அதை மனசுக்குள் நிறுத்திப் பார்க்கத் தெரிய வேண்டும். மனசில் பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டத் தெரிய வேண்டும். கையில் இருக்கும் ஒரு பிடி விதையில் நாலு மாதம் கழித்து வரப்போகும் கதிரைப் பார்ப்பவனுக்கும் இதே பார்வைதான் வேண்டும். இல்லையென்றால் பசித்தவன் விதையைத் தின்றுவிடுவான்.

இந்தப் பார்வை உங்களிடம் இருக்கிறது. அதற்கு நீங்கள் வேறு பெயர் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஷூ கம்பெனியில் கட்டிங்கில் நிற்பவர் ஒரு தோலை மேஜைமேல் விரித்ததும் என்ன செய்கிறார்? உடனே வெட்டும் டையை வைத்து அழுத்திவிடுவதில்லை. தடவிப் பார்க்கிறார். முதுகுப்பக்கம் கெட்டி, வயிற்றுப்பக்கம் தொளதொளப்பு. இங்கே உண்ணி கடித்த தழும்பு, அங்கே முள் கிழித்த கீறல். எந்தப் பக்கம் இழுத்தால் நீளும், எந்தப் பக்கம் நீளாது. இத்தனையும் பார்த்து, அந்தத் தட்டையான தோலுக்குள் இரண்டு கால் ஷூவின் எல்லாத் துண்டுகளும் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று கண்டுபிடிக்கிறார். இடது கால் துண்டும் வலது கால் துண்டும் ஒரே நிறத்தில், ஒரே மாதிரி மேற்பரப்போடு வர வேண்டும். சிற்பியும் கல்லை இப்படித்தான் பார்ப்பான்.

என் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்றவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிய தோலை எடுத்துக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நாள்" என்பார். அவருடைய விரலுக்குத் தெரிந்ததை எழுதிவைக்க எந்தப் புத்தகமும் இல்லை. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு இப்படிப் பதனிட்ட தோலுக்கு வெளிநாட்டில் 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்று பெயர். அதற்குப் புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது.

ஸ்டிச்சிங்கில் இருக்கும் அக்கா தங்கைகளுக்கு ஒரு செய்தி. 2008-இல் ஆர்மீனியா நாட்டில் அரேனி என்ற ஊர்க் குகையில் ஒரு ஷூ கிடைத்தது. ஏறத்தாழ 5,500 வருடத்துக்கு முந்தையது. இதுவரை கிடைத்த தோல் ஷூக்களில் மிகப் பழையவற்றில் ஒன்று. ஒரே துண்டு மாட்டுத்தோல்; முன்னும் பின்னும் துளை போட்டுத் தோல் கயிறு கோத்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே புல் அடைத்திருந்தது. உங்கள் கணக்குப்படி சைஸ் 37. அதன் படத்தைப் பார்த்தபோது அந்தத் துளைகளைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். சீரான இடைவெளி. கால் நனையாமல் இருந்தால் போதும் என்றால் துளை கோணலாக இருந்தால் என்ன? கோணலாக இருப்பது அந்தக் கைக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பிடிக்காமைதான் கலையின் தொடக்கம் என்று நினைக்கிறேன். உங்களுக்கும் அது உண்டு. ஒரு தையல் வரியில் ஒரு தையல் துள்ளிப்போனால் சூப்பர்வைசர் பார்ப்பதற்கு முன் உங்கள் கண் பார்த்துவிடும்.

இப்போது கணக்கு வகுப்புக்கு வருவோம். ஓவியத்தை எடுத்துக் கணக்குக்குக் கொடுப்பது பள்ளிக்கூடத்துக்கு லாபம் என்று நினைக்கிறோம். காலையில் வாசல் தெளித்து நீங்கள் போடும் புள்ளிக் கோலத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். புள்ளி எத்தனை, எதிர்ப்புள்ளியா இடைப்புள்ளியா, எங்கே தொடங்கினால் இழை அறுபடாமல் தொடங்கின இடத்துக்கே வந்து சேரும். 1970-களில் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி என்ற பேராசிரியரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் கோலங்களைக் கணக்காகப் பார்த்தார்கள். சொற்களைச் சேர்த்து வாக்கியம் அமைக்க இலக்கணம் இருப்பதுபோல், படத்தைப் படிப்படியாக உண்டாக்கவும் இலக்கணம் எழுத முடியும் என்று காட்டினார்கள். கணினி அறிவியலில் அது ஒரு தனித்துறைக்கு உதவியது. தமிழ்நாட்டு வாசல்களில் பெண்கள் அரிசிமாவால் இழுத்த இழை அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. கணக்குக்காகக் கோலத்தை விடச் சொல்வது, தண்ணீர் வேண்டுமென்று கிணற்றைத் தூர்ப்பதுபோல.

எழுத்துகூடப் படமாக இருந்ததுதான். ஆங்கில எழுத்து 'ஏ'-வைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள் உங்கள் பிள்ளையை. இரண்டு கொம்பு, ஒரு முகம். மாட்டுத்தலை. சுமார் 3,800 வருடத்துக்கு முன் எகிப்தை ஒட்டிய சினாய்ப் பாலைவனத்தில், டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல்லின் சுரங்கத்துப் பக்கம் கீறி வைத்த படத்திலிருந்து அந்த எழுத்து வந்தது. அங்கே வேலைக்கு வந்த வெளியூர் ஆட்களின் மொழியில் மாட்டுக்கு 'ஆலெஃப்'. படித்த எழுத்தர்கள் நூற்றுக்கணக்கான குறிகளோடு எழுதிக்கொண்டிருந்த நாட்டில், இருபது முப்பது படங்களை வைத்தே எல்லாவற்றையும் எழுதிவிடலாம் என்ற வழி, அந்த வேலையாட்களின் கையிலிருந்து பிறந்தது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். நீங்கள் ஷூவின் நாக்கில் வைத்துத் தைக்கும் லேபிளில் இருக்கும் எழுத்துகள் அந்த வழியில் வந்தவை.

வெளிநாட்டுக் கதை போதும். நம் பக்கத்துக்கு வருவோம்.

ஆம்பூர்ப் பக்கத்தில் மலையாம்பட்டு என்று ஓர் ஊர். அங்கே ஆர்மாமலையில் ஒரு குகை. எட்டாம் நூற்றாண்டில் சமணர்கள் அதைக் கோயிலாக்கி, உள்ளே சுடாத மண்கல்லால் அறைகள் கட்டி, சுவரிலும் கூரையிலும் வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். எட்டுத் திசைக் காவலர்கள், தாமரைக் கொடி. சித்தன்னவாசலோடு சேர்த்துப் பேசப்படும் ஓவியம். பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பதைப் பார்க்கவே மலையேறலாம். ஆம்பூர் என்றால் பிரியாணி, ஷூ என்று இரண்டு பெயர்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆயிரத்து இருநூறு வருடப் பழமையான வண்ணம் நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது நம் பிள்ளைகளுக்குமே தெரியாது.

அதே ஆம்பூரில் பல்லவன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. நுளம்பர் படை வந்தபோது எதிர்த்து நின்று விழுந்தவர்களுக்கு ஊரார் எடுத்த கல். தெற்கே செங்கம் பக்கம் போனால் இன்னும் நிறைய. மாடு பிடிக்க வந்தவர்களிடமிருந்து தொறுவை மீட்டுச் செத்தவர்கள். தொறு என்றால் மாட்டு மந்தை. அந்தக் காலத்தில் செல்வம் என்றாலே அதுதான். எடுத்தனூரில் இருக்கும் ஒரு கல்லைப் பற்றி வகுப்பில் சொல்லாத வருடமே இல்லை. மகேந்திரவர்மன் காலம். வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன் என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எசமான் விழுந்த பிறகு கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். 1,400 வருடம் ஆகிறது. அந்த ஊரில் அன்று எத்தனை மாடு இருந்தது, யார் பணக்காரர், யார் வீட்டில் எவ்வளவு நெல் என்பதெல்லாம் போய்விட்டது. ஒரு நாயின் நன்றி இருக்கிறது. அதை இருக்க வைத்தது உளி பிடித்த ஒரு கை.

வேலூர்க் கோட்டைக்கு நீங்கள் எல்லோரும் போயிருப்பீர்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் பாயும் குதிரையையும் யாளியையும் பார்த்திருப்பீர்கள். பதினாறாம் நூற்றாண்டு வேலை. பிறகு பல தலைமுறை அந்தக் கோயிலில் பூசை இல்லை. கோட்டை கைமாறிக் கைமாறி, கோயில் கிடங்கானது. 1981-இல்தான் திரும்பவும் சாமியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்த மண்டபத்தைக் கழற்றிக் கப்பலேற்றி லண்டனுக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டார்கள் என்று இன்றும் சொல்வார்கள். சாமி இல்லாத காலத்திலும் அந்தத் தூண்களைப் பார்த்து ஆசைப்பட ஆள் இருந்தது என்பதே இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

அதே கோட்டையில், 1806 ஜூலை 10 விடிவதற்குள், சிப்பாய்கள் எழுந்தார்கள். காரணங்களில் முன்னால் நின்றது உடை. நெற்றியில் குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டு என்று கும்பினி உத்தரவு போட்டது. அந்தத் தோல் மாட்டுடையதா பன்றியுடையதா என்ற சந்தேகம் இரண்டு மதத்தாரையும் சேர்த்தே சுட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். நெற்றிக்கோடும் கடுக்கனும் வெறும் அலங்காரம் என்று வெள்ளைக்காரன் நினைத்தான். தன் உடம்பில் தான் வரைந்துகொள்வது மனிதனுக்கு எவ்வளவு பெரிது என்பது அவனுக்கு அன்று விடிந்த பிறகுதான் புரிந்தது.

இத்தனை சொல்லிவிட்டுத் தோலில் பிறக்கும் இசையைச் சொல்லாமல் விட்டால் அப்பா என்னை மன்னிக்க மாட்டார்.

தீயில் வாட்டிச் சுருதி ஏற்றும் பறை, கோயில் வாசலில் தவில், கூத்துக்கும் கச்சேரிக்கும் மிருதங்கம். மாடு, எருமை, ஆடு என்று மிருதங்கத்துக்கு மூன்று வகைத் தோலும் வேண்டும். வலந்தலை என்னும் வலது முகத்தின் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமே, அது என்ன தெரியுமா? ஒருவகைக் கல்லைப் பொடித்து, வடித்த சோற்றோடு பிசைந்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது. அதைச் 'சாதம்' என்றே சொல்வார்கள். அது இல்லையென்றால் அந்தத் தோலுக்கு நாதம் கிடையாது. "படம் போட்டா சோறு வருமா" என்று கேட்ட அம்மாவுக்கு இதை நேரில் சொல்ல ஆசை: நம் ஆட்கள் சோற்றையே எடுத்துக் கலைக்குப் பூசியிருக்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு கசப்பும் இருக்கிறது. மறைத்துச் சொல்ல முடியாது. தோலைத் தொட்டவரைத் தள்ளி நிற்க வைத்தோம். அவர் இழுத்துக் கட்டிய கருவியை மட்டும் மேடையில் ஏற்றிப் பட்டுத்துணி போர்த்தினோம். மிருதங்கம் செய்யும் குடும்பங்களைப் பற்றிப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று 2020-இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா கடைசி நேரத்தில் திரும்ப வாங்கிக்கொண்டது. வாசித்தவர் பெயர் தெரியும், செய்தவர் பெயர் தெரியாது என்பது இசையில் மட்டும் அல்ல. நீங்கள் தைத்த ஷூ எந்த நாட்டுக் கடையில் எந்தப் பெயரில் விற்கிறது என்று நினைத்துப் பாருங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஜோடிக்கு இவ்வளவு என்று ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் அம்மாக்களின் பெயர் எந்தப் பெட்டியிலும் இல்லை. கை இங்கே, பெயர் அங்கே. ஷூ எப்படி இருக்க வேண்டும் என்று முதலில் கோடு போட்டவருக்கே அதிகப் பங்கு போகிறது. நம் பிள்ளைகள் அந்தக் கோட்டைப் போடக் கூடாதா? படத்துக்கும் சோற்றுக்கும் உள்ள நேரடிச் சம்பந்தத்தைக் கேட்டால் இதுதான் பதில்: கோடு போட்டவருக்கு அப்புறம்தான் தைத்தவருக்குக் கூலி.

படிப்பு இல்லாதவர்களுக்குக் கலை எட்டாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் படுகளம். களத்தில் மண்ணால் துரியோதனனை மலைபோல் படுக்க வைத்திருப்பார்கள். கையெழுத்துப் போடத் தெரியாத என் பாட்டி மகாபாரதத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று நிறுத்தாமல் சொல்வாள். பாஞ்சாலிக்கு நடந்தது நியாயமா என்று சண்டையும் போடுவாள். வாணியம்பாடியில் முஷாயிரா நடந்தால் உருதுக் கவிதையின் அடுத்த அடியைக் கூட்டமே சேர்ந்து சொல்லும். தமிழில் கஜலையும் ஹைக்கூவையும் பரப்பிய கவிக்கோ அப்துல் ரகுமான் அந்த ஊர் இஸ்லாமியாக் கல்லூரியில்தான் தமிழ் சொல்லிக் கொடுத்தார். தோல் வாடைக்குப் பெயர் போன ஊர்களில் இவ்வளவும் இருந்தது, இருக்கிறது.

நீங்கள் கேட்கக்கூடிய இன்னொரு கேள்வி எனக்குத் தெரியும். இவ்வளவு கலை இருந்தும் நம் பாலாறு ஏன் இப்படி ஆயிற்று? தோல் ஆலைக் கழிவால் நிலமும் தண்ணீரும் கெட்டதை வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய், 1996-இல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றியதற்கு நம் ஆறும் ஒரு காரணம். 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் புதைந்தார்கள். பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காகத் திரும்பவும் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. கோயில் தூணில் யாளி செதுக்கிய மண்ணில்தான் இதுவும் நடந்தது. கலை இருந்தால் நாகரிகம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை ஏழாம் வகுப்பில் 'பாலாறு' என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொன்னேன். நாற்பது பிள்ளைகளும் நீலத் தண்ணீர் வரைந்தார்கள். பின்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், தண்ணீரில் ஒரு படகு. பாலாற்றில் படகை அந்தப் பிள்ளைகளும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. அடுத்த வாரம் தலைமையாசிரியரிடம் கேட்டு, அவர்களை ஆற்றங்கரைக்கே கூட்டிக்கொண்டு போனேன். "எது கண்ணுக்குத் தெரியுதோ அத மட்டும் போடு" என்றேன். முதலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பென்சில் நகர ஆரம்பித்தது. மணல். முள்செடி. லாரிச் சக்கரத் தடம். ஓடையிலிருந்து வரும் தண்ணீருக்கு என்ன நிறம் கொடுப்பது என்று ஒரு பெண் என்னிடம் வந்து கேட்டாள். அவளுடைய வண்ணப் பெட்டியில் இருந்த 12 நிறத்தில் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. நீலத்தையும் பழுப்பையும் கலந்து கலந்து பார்த்துவிட்டு, கடைசியில், "சார், இந்தத் தண்ணி ஏன் சார் இந்தக் கலர்ல இருக்குது?" என்றாள்.

தினமும் ஆற்றுப் பாலத்தைக் கடந்து பள்ளிக்கு வருகிறவள் அவள். அன்றுவரை அதைக் கேட்டதில்லை. வரைய உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள். பார்த்த பிறகுதான் கேட்டாள். மனிதன் மேலேறி வந்ததில் கலைக்கு உள்ள பங்கு என்ன என்று என்னிடம் கேட்டால், பெரிய பெரிய கோபுரங்களைக் காட்ட மாட்டேன். அந்தப் பெண்ணின் கேள்வியைத்தான் காட்டுவேன். வழக்கமாகிப் போனதை நிறுத்திப் பார்க்க வைப்பது கலை. பார்க்கத் தெரியாத கூட்டம் எவ்வளவு கட்டினாலும், எவ்வளவு சம்பாதித்தாலும், தன் ஆற்றைத் தானே இழந்துவிட்டு அது நீலமாக இருப்பதாகவே படம் போட்டுக்கொண்டிருக்கும்.

இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

2009-இன் கல்வி உரிமைச் சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிக்குப் பாதி பெண்கள். தலைமையாசிரியர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதற்காக அந்தச் சட்டம் உங்களை அங்கே உட்கார வைக்கவில்லை. பிள்ளையின் முழுமையான வளர்ச்சிக்குத்தான் பாடத்திட்டம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவே, வாரத்தில் இரண்டு ஓவிய வகுப்பு இருக்கும், அதை வேறு எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளி என்றால், வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்றவற்றுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. கலைக்கு நாம் கொடுத்த மதிப்பு அந்தச் சம்பளத்திலேயே தெரியும். அவர்களுக்காகவும் உங்கள் குழு ஒரு வரி எழுதலாம்.

அரசு நடத்தும் கலைத் திருவிழாவில் பிள்ளைகள் பரிசு வாங்கினால் கை தட்டுகிறோம். நல்லதுதான். அதற்கு மட்டும் பறையையும் பொம்மலாட்டத்தையும் எடுத்துத் தூசி தட்டாமல், வருடம் முழுக்க வாரத்துக்கு ஒருநாள் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை ஆர்மாமலைக்கும் வேலூர்க் கோட்டைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். செலவு ஒரு வேன் வாடகை.

இன்னொன்று, இதற்குச் செலவே இல்லை. மாதத்தில் ஒருநாள் உங்களில் ஒருவர் ஓவிய வகுப்புக்கு வாருங்கள். கட்டிங்கில் நிற்பவர் ஒரு தோலை விரித்து எப்படிப் பார்க்கிறார் என்று காட்டட்டும். கைத்தையல் போடும் அம்மா ஊசியை எப்படிப் பிடிக்கிறார் என்று காட்டட்டும். நிறம் சேர்க்கும் ஃபினிஷிங் மாஸ்டர் ஒரே பழுப்பில் எத்தனை பழுப்பு இருக்கிறது என்று சொல்லட்டும். "எங்கம்மா கம்பெனிக்குப் போறாங்க" என்று குனிந்துகொண்டு சொல்கிற பிள்ளை, அன்று நிமிர்ந்து பார்க்கும். நான் முப்பது வருடம் சொல்லிக் கொடுத்ததைவிட அது பெரிய பாடம்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்ட அம்மாவுக்குத் தனியாக ஒரு வார்த்தை. படம் போட்டால் நாளைக்கே சோறு வராது அம்மா. ஆனால் உங்கள் பெண் நாளைக்கு அதே மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும், அந்த ஷூவின் முதல் கோட்டைப் போடும் இடத்தில் உட்கார்ந்தாலும், தட்டில் விழுவது என்ன, அது எங்கிருந்து வந்தது, அதற்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்று பார்க்கத் தெரிந்தவளாக இருப்பாள்.

அடுத்த கூட்டத்தில் ஓவிய வகுப்பைப் பற்றிப் பேச்சு வரும்போது, தயவுசெய்து கையைத் தூக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர்,
ஆம்பூர்.